பிள்ளை படிக்கும் பள்ளியில் உதவ விரும்புகிறேன்: பெற்றோர் எதைச் செய்யலாம், எதில் தலையிடக் கூடாது?

கேள்வி: மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தாய்

அனைவருக்கும் வணக்கம். என் கணவருக்குச் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்ததால் சென்ற கோடையில் புனேயிலிருந்து கடலூருக்குக் குடிவந்தோம். மகன் வீட்டுக்கு அருகிலுள்ள அரசுத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படிக்கிறான். பள்ளியைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. சொல்லப்போனால், இரண்டு வகுப்புகளைச் சேர்த்து ஓர் ஆசிரியர் நடத்தும் நிலையிலும் பிள்ளைகளை அவர்கள் பார்த்துக்கொள்ளும் விதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நான் பட்டப்படிப்பு முடித்தவள், இப்போது வேலைக்குச் செல்லவில்லை. மகனைப் பள்ளியில் விட்டபின் முற்பகலில் கொஞ்ச நேரம் என் கையில் இருக்கிறது. அதை வாரத்தில் இரண்டு நாளாவது பள்ளிக்குக் கொடுக்கலாமே என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். அவர் முகம் கோணாமல், “வாங்கம்மா, பார்க்கலாம்” என்றார். அதன்பின் அவரும் எதுவும் சொல்லவில்லை, நானும் மறுபடி கேட்கவில்லை. அது சம்மதமா, மறுப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

இப்படி உதவுவதற்குப் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக இருக்க வேண்டுமா? எப்படிப்பட்ட வேலையைக் கேட்டுப் பெறுவது பொருத்தமாக இருக்கும்? பக்கத்து வீட்டு அக்கா, “சம்பளம் வாங்குகிறவர்கள் செய்ய வேண்டிய வேலையை நீ ஏன் இழுத்துப் போட்டுக்கொள்கிறாய்?” என்கிறார், அதற்கு என்ன பதில் சொல்வது என்றும் விளங்கவில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. நான் பள்ளி வளாகத்தில் நிற்பதைப் பார்த்தாலே என் மகன் வகுப்பை விட்டு ஓடிவந்துவிடுவான். அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, திருப்பாதிரிப்புலியூர்

அன்புள்ள அம்மா, அந்தப் “பார்க்கலாம்” உங்களைத் தட்டிக்கழிக்கச் சொன்னதாக இருக்காது. தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர் என்றால் அறையில் அமர்ந்து கையெழுத்துப் போடுகிறவர் என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். அவரும் ஒரு வகுப்பை, சில இடங்களில் இரண்டு வகுப்புகளை நடத்திக்கொண்டே மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவு, சத்துணவுக் கணக்கு, நலத்திட்டப் பொருள்கள், வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து வரும் அழைப்பு என எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும். “ஏதாவது உதவி செய்யட்டுமா?” என்று நீங்கள் கேட்கும்போது, உங்களுக்கு ஏற்ற வேலை எது என்று யோசிப்பதே அவருக்கு இன்னொரு வேலையாகிவிடுகிறது. ஆர்வத்தோடு தொடங்கியவர் இடையில் நின்றுவிடுவாரோ, வகுப்புக்குள் பார்த்ததைத் தெருவில் பேசுவாரோ என்ற தயக்கமும் உள்ளூர இருக்கும். நான் பணியில் இருந்தபோது எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது, காரணம் இல்லாமலும் இல்லை.

ஆகவே அடுத்த முறை வேலையை நீங்களே வரையறுத்துக்கொண்டு செல்லுங்கள். என் கருத்தில் தொடக்கப் பள்ளியில் ஒரு பெற்றோர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை, குழந்தைகள் வாய்விட்டு வாசிப்பதை அருகில் அமர்ந்து கேட்பதுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 குழந்தைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் 150 நிமிடம் போய்விடும். எவ்வளவு திறமையான ஆசிரியராலும் அதைத் தினமும் செய்ய முடியாது. “செவ்வாயும் வியாழனும் பத்தரை மணி முதல் பதினொன்றரை மணி வரை வருகிறேன், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை நான்கு நான்கு பேராக அனுப்புங்கள், தாழ்வாரத்தில் அமர்ந்து வாசிக்கச் சொல்லிக் கேட்கிறேன்” என்று சொல்லுங்கள். அவர் உடனே நாட்காட்டியைப் பார்ப்பார். பள்ளியில் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் இருக்கும். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் சிறு சிறு நூல்களாக வந்தவை. எந்தக் குழந்தைக்கு எந்தப் படிநிலை என்பதை ஆசிரியரே சொல்லட்டும். அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்பிக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட வகுப்புகளில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று ஆசிரியர்கள் ஏற்கெனவே பிரித்து வைத்திருப்பார்கள். அந்தப் பிரிவை நீங்கள் மாற்ற முயல வேண்டாம்.

வாசிக்கும் குழந்தை ஒரு சொல்லில் தடுக்கினால் உடனே எடுத்துக்கொடுக்காதீர்கள். பொறுத்திருங்கள், எழுத்தெழுத்தாகக் கூட்டிப் பார்க்கட்டும். அப்படியும் வரவில்லையென்றால் சொல்லிவிட்டு, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். முடித்ததும் கதையைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். பாட்டியின் ஆடு எங்கே போயிற்று என்பதைப் போன்ற எளிய கேள்வியே போதும். “அவன் எவ்வளவு நன்றாக வாசிக்கிறான், பார்” என்ற ஒப்பீடு மட்டும் ஒருபோதும் வேண்டாம்.

உங்கள் மகனின் வகுப்பைத் தவிர்த்துவிடுங்கள். அம்மா கண்ணெதிரே இருக்கும் குழந்தை ஆசிரியர் சொல்வதைக் கேட்காது. அது மட்டும் காரணமில்லை. மற்றக் குழந்தைகளுக்கும் உங்கள் மேல் ஓர் ஐயம் வந்துவிடும், அவர்களின் பெற்றோருக்கும் வரும். நீங்கள் வரப்போவதை முதல் நாளே மகனிடம் சொல்லிவிடுங்கள். அவன் கண்ணில் படாத பக்கத்தில் அமருங்கள். ஓடி வந்தால் ஆசிரியரே வந்து அழைத்துச் செல்லட்டும், நீங்கள் கொண்டுபோய் விட வேண்டாம். சில வாரங்களில் அவனுக்கே அது சலித்துவிடும்.

சில ஒழுங்குகளை யாரும் சொல்லாமலே கடைப்பிடிக்க வேண்டும். உள்ளே வரும்போது பார்வையாளர் பதிவேட்டில் கையெழுத்திடுங்கள். மூடிய அறையில் எந்தக் குழந்தையோடும் தனியாக இருக்காதீர்கள். எல்லோர் பார்வையிலும் படுகிற இடத்திலேயே அமருங்கள். கைப்பேசியில் படம் எடுக்காதீர்கள், வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பவே கூடாது. எந்தப் பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை, யார் சாப்பிடாமல் வருகிறார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியவரும். அது பள்ளியின் வாசலைத் தாண்டக் கூடாது. இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. தனக்கு யாரோ தீங்கு செய்கிறார் என்று ஒரு குழந்தை உங்களிடம் சொன்னால், நீங்களே துருவித் துருவி விசாரிக்காமல் அன்றே தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். அங்கே நடவடிக்கை இல்லையென்றால் 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண்) ஆகியவை இருக்கின்றன. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்ததை அறிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே தண்டனைக்குரியது.

குழுவில் உறுப்பினராக இல்லாமலும் நீங்கள் உதவலாம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 21ஆம் பிரிவில் பள்ளி மேலாண்மைக் குழுவை வைத்தது. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். நம் மாநிலத்தில் 2022இல் குழுக்களைத் திருத்தி அமைத்தபோது தலைவர் பொறுப்பை மாணவரின் தாய் ஒருவருக்கே கொடுத்தார்கள். உங்கள் பள்ளியின் தலைவியைப் போய்ப் பாருங்கள். இன்னார் வாரம் இருமுறை வந்து வாசிப்புக்கு உதவுகிறார் என்று கூட்டத் தீர்மானப் பதிவேட்டில் ஒரு வரி ஏறிவிட்டால், நாளை அலுவலர் யாராவது வந்து கேட்கும்போது தலைமையாசிரியருக்கு அது பாதுகாப்பு. அவர் தயக்கத்தில் பாதி அதோடு போய்விடும்.

பதில் 2: தேவனாம்பட்டினத்துத் தந்தை, மேலாண்மைக் குழு உறுப்பினர்

டீச்சரம்மா சொன்னவற்றில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பகலில் நேரமுள்ள பெற்றோரை மனத்தில் வைத்தே எல்லோரும் பேசுகிறோம் என்பதால் இதை எழுதுகிறேன். எங்கள் ஊரில் ஆண்கள் விடியுமுன் கடலுக்குப் போகிறார்கள். பெண்கள் மீனை ஏலத்தில் எடுத்துக்கொண்டு முதுநகர், மஞ்சக்குப்பம் என்று விற்கப் போய்விடுகிறார்கள். குழுக் கூட்டமோ வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடக்கிறது. வராதவர்களுக்கு அக்கறை இல்லை என்ற பேச்சு மட்டும் மிஞ்சுகிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகிறவர்கள் அப்போது கரையில்தான் இருப்பார்கள். ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளி விடுமுறையில் இருப்பதும் பெரும்பாலும் அதே காலம். சுற்றுவேலி, கதவுக் கீல், உடைந்த பெஞ்சு, சுவருக்கு வெள்ளை அடிப்பது போன்றவற்றை அந்த நாட்களுக்கென்றே ஒதுக்கி வைக்கும்படி எங்கள் தலைமையாசிரியரிடம் சொன்னோம். வலை முடைகிறவர்களுக்குக் கைப்பந்து வலையைச் சரிசெய்வது பெரிய காரியமா? உட்கார்ந்தவர்கள் பேசிக்கொண்டே முடித்துவிட்டார்கள்.

மழைக்கு முந்திய வேலையும் எங்கள் பக்கத்தில் முக்கியம். 2011 டிசம்பரில் வந்த தானே புயலையும் 2015இன் வெள்ளத்தையும் பார்த்த மாவட்டம் இது. ஐப்பசி பிறப்பதற்குள் மொட்டை மாடியில் சருகை அள்ளி, தண்ணீர் இறங்கும் குழாயில் அடைப்பு எடுத்து, கீழ்த்தட்டில் இருக்கும் பதிவேடுகளையும் புத்தகங்களையும் மேலே ஏற்றிவிட வேண்டும். வெள்ளம் வந்தால் பள்ளிதான் முகாம். முகாம் கலைந்த பிறகு வகுப்பறைகளைக் கழுவி வைப்பதற்கும் ஆட்கள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் இதற்கெல்லாம் எங்கள் ஆட்கள் வருவார்கள். ஆனால் மின் இணைப்பு, விரிசல் விட்ட சுவர், கூரை ஆகியவற்றில் நாமாகக் கைவைக்கக் கூடாது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். விரிசலைப் பார்த்தால் குழுவில் தீர்மானம் போட்டு எழுத்தில் கொடுங்கள், அந்தப் பக்கம் பிள்ளைகள் போகாதபடி கயிறு கட்டுங்கள். பொறியாளர் பார்க்க வேண்டியதைப் பொறியாளர்தான் பார்க்க வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்கா கேட்டதைத் தள்ளிவிடாதீர்கள். ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கும்போது ஒரு தாய் வந்து பாடம் நடத்தினால், அந்தக் காலியிடம் யார் கண்ணிலும் படாது. வேறொரு ஊர்ப் பள்ளியில் அப்படி நடந்ததை நான் அறிவேன். நல்லெண்ணத்தோடு வந்த பெண்ணே முழு நேரமும் வகுப்பைப் பார்க்கும்படி ஆயிற்று. ஊரும் அதோடு கேட்பதை விட்டுவிட்டது. ஆகவே வாசிப்பதைக் கேளுங்கள், நூலக அலமாரியை ஒழுங்குபடுத்துங்கள், ஆண்டு விழாவுக்குத் துணி தையுங்கள். பாடம் நடத்தச் சொன்னால் மட்டும் மறுத்துவிட்டு, ஆசிரியர் வேண்டும் என்ற தீர்மானத்தில் முதல் கையெழுத்துப் போடுங்கள். என்னைக் கேட்டால் அந்தக் கையெழுத்தும் தன்னார்வப் பணிதான்.

பணம் திரட்டுவதில் இறங்க வேண்டாம் என்பது என் கண்டிப்பான கருத்து. ஒருவர் ஆயிரம் கொடுத்து இன்னொருவர் கொடுக்க முடியாமல் போனால் அது பிள்ளைகளின் காதுக்குப் போய்விடும். 30க்கு மேல் 100 பிள்ளைகள் வரை படிக்கும் அரசுப் பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை மானியம் உண்டு, அதில் பத்தில் ஒரு பங்கையாவது தூய்மைக்குச் செலவிட வேண்டும். அது வந்ததா, எதற்குச் செலவானது என்று கூட்டத்தில் மரியாதையாகக் கேட்பது பெற்றோரின் கடமை. யாராவது கொடுத்தே தீருவேன் என்றால் குழுவின் வங்கிக் கணக்கில் செலுத்திவிட்டு ரசீது வாங்கிக்கொள்ளட்டும்.

பதில் 3: லாஸ்பேட்டை வாசகர், புதுச்சேரி

எங்கள் பிள்ளைகள் தனியார் பள்ளியில் படிக்கிறார்கள். பள்ளியின் பெயர் வேண்டாம். அங்கே பெற்றோரை அழைப்பதற்குக் குறைவே இல்லை. உணவுத் திருவிழாவில் கடை போட, ஆண்டு விழாவில் விருந்தினரை வரவேற்க, “என் தொழில்” என்ற தலைப்பில் வகுப்பில் பேச என்று மாதந்தோறும் செய்தி வரும். பேச வருகிறவர்கள் மருத்துவர், பொறியாளர், வங்கி மேலாளர் என்றே இருந்தார்கள். தையல் கடை வைத்திருக்கும் ஒரு தாயை அழைக்கலாமே என்று நான் கேட்டபோது, வகுப்பாசிரியை சற்றுத் தயங்கித்தான் ஒப்புக்கொண்டார். அந்தத் தாய் ஊசியும் நூலும் கொண்டுவந்து பொத்தான் தைக்கக் கற்றுக்கொடுத்தார். பையன்களும் தைத்தார்கள். அந்த ஆண்டில் பிள்ளைகள் வீட்டில் வந்து சொன்ன ஒரே பெற்றோர் வகுப்பு அதுதான். மருத்துவர் பேசியதை என் மகளிடம் கேட்டால் “பல் தேய்க்க வேண்டுமாம்” என்கிறாள்.

தேவனாம்பட்டினத்து அண்ணன் எழுதியதைப் படித்தபோது, யாரிடம் என்ன கைத்திறன் இருக்கிறது என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே எல்லாப் பெற்றோரிடமும் ஒரு தாளில் எழுதி வாங்கிவிட்டால் என்ன என்று தோன்றியது. எழுதத் தெரியாதவர்களிடம் வாசலில் நின்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். உங்களைப் போல நேரமுள்ள ஒருவர் அந்த வேலையையே எடுத்துக்கொள்ளலாம் அம்மா.

மஞ்சக்குப்பத்திலிருந்து, மீண்டும்

எல்லோருக்கும் நன்றி. டீச்சரம்மா சொன்னபடியே நாளும் நேரமும் வகுப்பும் எழுதிக்கொண்டு போனேன். தலைமையாசிரியர் மூன்றாம் வகுப்பை ஒதுக்கிக் கொடுத்துவிட்டார், தலைவியும் அடுத்த கூட்டத்தில் பதிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறார். கைத்திறன் கேட்டு எழுதும் வேலையை அரையாண்டு விடுமுறைக்குப் பின் தொடங்கலாம் என்று இருக்கிறோம்.

புதிதாக ஒரு கேள்வி முளைத்திருக்கிறது. அந்த வகுப்பில் மூன்று குழந்தைகள் வட மாநிலத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். வீட்டில் இந்தி பேசுகிறார்கள். புனேயில் இருந்ததால் எனக்கு இந்தி வரும் என்று தெரிந்ததும், அந்த மூவரையும் தனியாக வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று வகுப்பாசிரியை கேட்கிறார். இந்தியில் சொல்லிக்கொடுத்தால் தமிழ் வராமல் போய்விடுமோ என்று எனக்கு அச்சமாக இருக்கிறது. மறுக்கவும் மனமில்லை.

பதில் 4: இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர், நெல்லிக்குப்பம்

தங்கச்சி, கொரோனாவால் விடுபட்ட பாடங்களைத் தன்னார்வலர்கள் மாலையில் வீட்டருகே சொல்லிக்கொடுக்கும் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை 2021இல் முதலில் தொடங்கிய 12 மாவட்டங்களில் நம் கடலூரும் ஒன்று. அப்போதிருந்து மாலை ஐந்து மணிக்குமேல் என் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளை வைத்துப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் என்னிடமும் இருந்தார்கள். எனக்கோ இந்தியில் ஒரு சொல் தெரியாது. அந்தப் பிள்ளைகள் என்னிடம் கற்றதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகளிடம் கற்றதே அதிகம். விளையாட்டில் வரும் தமிழ்தான் முதலில் வரும், சண்டையில் வரும் தமிழ் அதற்கும் முன்னால் வந்துவிடும்.

ஆகவே மூவரையும் தனியாகப் பிரித்து உட்கார வைக்காதீர்கள் என்று ஆசிரியையிடம் பணிவாகச் சொல்லிவிடுங்கள். உங்களிடம் வரும் நால்வர் குழுவில் ஒருவராக அவர்களில் ஒரு குழந்தை இருக்கட்டும். படமுள்ள நுழை நிலைப் புத்தகத்தைக் கொடுத்து, படத்தைக் காட்டித் தமிழிலேயே பேசுங்கள், தமிழ்ப் பிள்ளை வாசிக்கும்போது இந்தக் குழந்தை விரல் வைத்துத் தொடரட்டும். குழந்தை மிரண்டிருக்கும்போது, வயிறு வலிக்கிறது என்பதைச் சொல்லத் தெரியாமல் அழும்போது, ஒரு கதையின் முடிச்சு புரியாமல் விழிக்கும்போது இந்தியில் பேசுங்கள். அதனால் தமிழ் கெட்டுவிடாது; பயம் தெளிந்த பிள்ளைதான் வாயைத் திறக்கும்.

உங்கள் இந்தி அந்தப் பிள்ளைகளைவிட அவர்களின் அம்மாக்களுக்குத்தான் அதிகம் தேவைப்படும். பள்ளியிலிருந்து போகும் எந்தத் தாளும் அவர்களுக்குப் புரிவதில்லை. மழை விடுமுறை என்பது தெரியாமல் பிள்ளையைக் கொண்டுவந்து பூட்டிய வாசலில் விட்டுவிட்டு வேலைக்குப் போன தாயை நான் பார்த்திருக்கிறேன். கூட்டத்துக்கு வா என்று அவர்களை அழைப்பவரும் இல்லை, அழைத்தாலும் உட்கார்ந்து கேட்க மொழி இல்லை. தலைமையாசிரியரிடம் அனுமதி பெற்று, மாலையில் பிள்ளையை அழைத்துப்போக வரும்போது வாசலிலேயே அவர்களிடம் பேசுங்கள். தடுப்பூசிச் சீட்டு, ஆதார், வங்கிக் கணக்கு பற்றிக் கேட்பார்கள். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததை அலுவலகத்தில் கேட்டுச் சொல்லுங்கள். அவர்களின் படிவத்தில் நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள், அவர்களின் அட்டைகளை உங்கள் வீட்டில் வாங்கி வைக்கவும் வேண்டாம்.

முதலில் காலை உணவைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே காலையில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சூடாகக் கொடுக்கிறார்கள், அதற்குக் காசு இல்லை என்பது என்னிடம் வந்த இரண்டு குடும்பங்களுக்குப் பல மாதங்கள் தெரியாமலே இருந்தது. வேலைக்குப் போகும் அவசரத்தில் அந்தத் தாய்மார்கள் பிள்ளைகளைப் பிஸ்கட் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். உங்கள் பள்ளியில் எத்தனை மணிக்குப் பரிமாறுகிறார்கள் என்று சமைக்கிற அக்காவிடம் கேட்டுக்கொண்டு, அதற்குக் கால் மணி நேரம் முன்னதாக வந்துவிடச் சொல்லுங்கள்.